முறை உள்ளவர்கள் மட்டும் கேலி செய்யவும்

பம்பு ரூம் தெருவின் இரண்டு முனையிலும் நகராட்சிக்காரர்கள் தகரம் வைத்து அடைத்த ஆறாம் நாள் காலையில், லாரி டிரைவர் செல்லையாவின் விரலில் கவ்வியிருந்த, ஆக்சிஜன் அளவு பார்க்கிற கருவி எண்பத்தாறு என்று காட்டிக்கொண்டிருந்தபோது, அவருடைய அண்ணன் மனைவி தவசுக்கனி ஜன்னல் வழியாகக் கஞ்சிச் சொம்பை உள்ளே நீட்டி, "கொழுந்தனாரே, ஆம்புலன்ஸ் வரலியேன்னு கலங்காதீக, உங்க லாரியிலயே உங்கள ஏத்திருவோம், ஆனா ஓட்டுறது நீங்கதான்" என்றாள். செல்லையா சிரித்தார். இருமி இருமிச் சிரித்தார். எண் தொண்ணூற்றாறுக்கு ஏறியது, ஏறியது மறுநாள் கஞ்சி நேரம் வரைக்கும் இறங்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஏன் நடந்தது என்று எனக்குத் தெரியாது, கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம்கூட வரும், ஏனென்றால் அந்த வைகாசியில் ஏன் என்று கேட்க எங்களில் யாருக்கும் நேரம் இருக்கவில்லை. கொரோனா இரண்டாம் தடவை வந்திருந்தது. பெரியாஸ்பத்திரியில் படுக்கை இல்லை, வாசலில் ஆம்புலன்சுகள் வரிசையில் நின்றன, ஆக்சிஜன் சிலிண்டருக்கு அனுப்பிய ஆள் வெறுங்கையோடு திரும்பி வந்தான். நாற்பத்தொரு வீடு உள்ள எங்கள் தெருவில் பதினோரு வீட்டில் ஆள் படுத்திருந்தது, பதினோரு விரலில் கருவி மாட்டியிருந்தது, அந்தப் பதினோரு எண்களைத்தான் தெரு முழுக்க எழுந்ததும் கேட்டது, படுக்கப் போகுமுன் கேட்டது. சிரித்தால் எண் ஏறும் என்றால் சிரிக்க வைக்க வேண்டியதுதான் என்று எல்லோரும் கிளம்பிவிட்டார்கள்.

முதல் இரண்டு நாள் எல்லோரும் எல்லோரையும் சிரிக்க வைத்துப் பார்த்தார்கள். செல்போனில் காமெடிக் காட்சிகளை ஜன்னலுக்குள் காட்டினார்கள், சிரிப்பு வந்தது, எண் அசையவில்லை. வெளியூரிலிருந்து மச்சான்மார் போன் போட்டுக் கேலி பேசினார்கள், அதற்கும் அசையவில்லை. ஆள் நேரில் வந்து ஜன்னலுக்கு வெளியே நிற்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் புத்தகத்தைப் பார்த்து நாற்பது துணுக்கு வாசித்தார், படுத்திருந்தவர் தூங்கிப்போனார். ஆனால் தன் அத்தை மகன் வந்து, "ஏ புள்ள, முகக்கவசத்தோட இப்பதான் பாக்குறதுக்கு லட்சணமா இருக்க" என்று ஒரு வார்த்தை சொன்னதும் கடைக்கோடி வீட்டு மாரித்தாயின் எண் எட்டுப் புள்ளி ஏறியது. ஏன் அவன் சொன்னால் ஏறுகிறது, வாத்தியார் சொன்னால் ஏறவில்லை என்று தெருவே மண்டையை உடைத்துக்கொண்டபோது, விஷயத்தைக் கண்டுபிடித்தவன் நான்.

நான் கொம்பையா, கல்யாணத் தரகன். இருபத்துநாலு வருஷமாக யார் யாருக்கு என்ன வேண்டும் என்று பார்ப்பதுதான் என் தொழில். நம் பக்கத்தில் எல்லோரும் எல்லோரையும் கேலி பண்ணிவிட முடியாது என்பது உங்களுக்கும் தெரியும். மதினி கொழுந்தனைப் பண்ணலாம், கொழுந்தன் மதினியைப் பண்ணலாம், மச்சான் மச்சானை, அத்தை மகன் மாமன் மகளை, சம்பந்தி சம்பந்தியை, தாய்மாமன் மருமக்களைப் பண்ணலாம். அண்ணன் தங்கையைப் பண்ணக்கூடாது, மாமனார் மருமகளிடம் சிரித்துப் பேசக்கூடாது, சித்தப்பன் மகளிடம் வாயைத் திறக்கவே கூடாது. இது அந்தோணியாரைக் கும்பிடுகிற வீட்டுக்கும் ஒன்றுதான், அய்யனாரைக் கும்பிடுகிற வீட்டுக்கும் ஒன்றுதான். அந்த முறை உள்ளவர்கள் கேலி செய்தால்தான் எண் ஏறுகிறது என்று நான் சொன்னேன், சோதித்துப் பார்த்தார்கள், அப்படியே இருந்தது.

அப்புறம் தெரு அதைத் தெருவேலையாக எடுத்துக்கொண்டது. மகளிர் குழுத் தலைவி மரியபுஷ்பம் ரேஷன் கடைச் சுவரில் கரியால் கட்டம் போட்டாள்: படுத்திருப்பவர் பேர், கேலி பேச வேண்டியவர் பேர், நேரம். காலை கஞ்சிக்கு முன்னால் ஒரு தடவை, சாயங்காலம் விளக்கேற்றுமுன் ஒரு தடவை. ஒரு தடவை சொன்ன கேலி அடுத்த நாள் பலிக்காது என்று தெரிந்ததும், கேலி பேச வேண்டியவர்கள் கணக்கு வராத பிள்ளைகளைப்போல் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வழுக்கை, தொப்பை, குறட்டை எல்லாம் முதல் வாரத்திலேயே தீர்ந்துபோயின. சீதனமாக வந்த கட்டிலின் கால் ஆடியது, கல்யாணத்தன்று மாப்பிள்ளை பயத்தில் கால்சட்டை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்தது, மறுவீட்டு விருந்தில் எலும்பை மட்டும் பரிமாறியது என்று இருபது வருஷத்துப் பழைய பாக்கியெல்லாம் வெளியே வந்தது. பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் ஜன்னலில் வந்து நின்று, தொண்டையைக் கனைத்து, "என்ன சம்பந்தி, செத்துருவீகளோன்னு நெனச்சு வேட்டிகூட எடுத்துட்டேன், இப்ப வேட்டி வீணாப் போகுதே" என்று சொன்னபோது உள்ளே படுத்திருந்தவர் சிரித்தார், வெளியே நின்றவர் அழுதார். சுகாதார ஆய்வாளர் தகரத்துக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்து, எதையும் கேட்காமல், எண்களை மட்டும் எழுதிக்கொண்டு போனார்.

எல்லாம் சிரிப்பாக இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். தையல்கடை ஜெயசீலன் மருமகள் எஸ்தருக்கு எண் தொண்ணூற்றொன்று இருந்தது, அவளைக் கேலி பண்ண வேண்டிய கொழுந்தன் வரத் தாமதமாகிவிட்டது, பயத்தில் மாமனாரே வாய் தவறி அவள் சமையலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அவள் சிரிக்கக்கூட இல்லை. காதில் விழுந்ததுமே எண் எழுபத்தெட்டுக்கு இறங்கியது. தகரத்தைப் பிரித்து ஆம்புலன்சில் ஏற்றினார்கள், மூன்றாம் நாள் செய்தி வந்தது. அவளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். ஜெயசீலன் அன்றிலிருந்து வாயைத் துணியால் கட்டிக்கொண்டார், தெருவில் இருந்த எல்லோருக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டது. மரியபுஷ்பம் கட்டத்துக்கு மேலே பெரிதாக எழுதினாள்: முறை உள்ளவர்கள் மட்டும் கேலி செய்யவும்.

அதற்குப் பிறகு நான் சொல்லாமல் ஒருத்தரும் ஒருத்தரைக் கேலி பேசவில்லை. "கொம்பையா அண்ணாச்சி, நான் அவருக்குப் பேசலாமா?" என்று கேட்டு வாசலில் ஆறடி தள்ளி வரிசையில் நின்றார்கள். இரண்டு வழியில் உறவு இருக்கிறவர்களுக்கு எந்த வழி மூத்த வழி என்று நான் பார்த்துச் சொல்வேன், சொன்னதும் போய்ப் பேசுவார்கள், எண் ஏறும். பொய் சொல்வானேன், எனக்கு அது பிடித்திருந்தது. நாலு பேர் என்னை டாக்டர் என்றே கூப்பிட்டார்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அப்போதுதான் பூரணம் படுத்தாள்.

பூரணம் போஸ்ட் ஆபீசில் வேலை பார்க்கிறவள். புருஷன் செத்து, அவன் வேலை இவளுக்கு வந்து, எட்டு மாதத்துக்கு முன்னால்தான் இந்த ஊருக்கு மாற்றலாகி எங்கள் தெருவில் ஒரு கீழ் போர்ஷனுக்கு வாடகைக்கு வந்தாள். பிள்ளை இல்லை. காலையில் எண் தொண்ணூறு இருந்தது, சாயங்காலம் எண்பத்தெட்டு. மரியபுஷ்பம் சுவருக்குப் பக்கத்தில் கரித்துண்டோடு நின்று, "அண்ணாச்சி, பூரணத்துக்கு இந்தத் தெருவுல யாரு முறை?" என்று கேட்டாள்.

"ஒருத்தரும் இல்ல" என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. யாருக்காவது மதினியா, மாமன் மகளா..."

"ஒருத்தரும் இல்லம்மா."

நான் அதைச் சொன்னபோது மூன்று வீடு தள்ளி என் தம்பி சங்கிலி தன் வாசலில் உட்கார்ந்து மோட்டாருக்குக் கம்பிச்சுருள் கட்டிக்கொண்டிருந்தான். செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்த அவன் கை ஒரு நிமிஷம் நின்றது, பிறகு திரும்பச் சுற்றியது. தெருவில் யாருக்கும் தெரியாத ஒன்று எங்கள் மூன்று பேருக்குத் தெரியும். அதில் பாதி எனக்கு மட்டும் தெரியும்.

இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் சங்கிலிக்குப் பூரணத்தைப் பெண் பார்த்தோம். அவள் அம்மா எங்கள் அப்பாவுக்குப் பெரியப்பா மகள், ஆகவே எங்களுக்கு அத்தை, அத்தை மகள் முறைப்பெண். கேசரியும் காப்பியும் கொடுத்தார்கள், அவனுக்கு அவளைப் பிடித்தது, அவளுக்கும் அவனைப் பிடித்தது, இரண்டு பேர் முகத்திலும் அது அப்பட்டமாகத் தெரிந்தது. வெற்றிலை மாற்ற இருந்த அன்று நான் எழுந்து, பூரணத்தின் அப்பாவும் எங்கள் சித்தியின் வீட்டுக்காரரும் அண்ணன் தம்பி ஆயிற்றே, அப்படியானால் பூரணத்தின் அப்பா எங்களுக்கும் சித்தப்பா, பூரணம் தங்கை, இது ஆகாது என்று சொன்னேன். தொழிலுக்கு அப்போதுதான் வந்திருந்தேன், நாலு ஊர்க்காரர்கள் கூடியிருந்த இடத்தில் யாரும் கவனிக்காததை நான் கவனித்துவிட்டேன் என்ற மிதப்பு எனக்கு. சபை கலைந்தது. "இன்னொரு தடவை விசாரிச்சுப் பாருண்ணே" என்று சங்கிலி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான். முறையில் இரண்டாம் பேச்சு கிடையாது என்று கையை உதறினேன்.

பிறகு ஒரு கல்யாண வீட்டில், பூரணத்தின் அப்பா அந்தக் குடும்பத்தில் பிறந்தவரே இல்லை, தாய் தகப்பன் இல்லாமல் வந்து அந்த வீட்டில் வளர்ந்தவர் என்று தற்செயலாகக் கேள்விப்பட்டேன். அண்ணன் தம்பி இல்லை, ஆகவே தங்கை இல்லை, அத்தை மகள்தான். அப்போது பூரணத்துக்கு வேறு இடத்தில் கல்யாணம் நிச்சயமாகி, நடக்கப் பன்னிரண்டு நாள் இருந்தது. பன்னிரண்டு நாளில் எவ்வளவோ செய்திருக்கலாம். முறை பார்ப்பதில் கொம்பையா பிசகமாட்டான் என்று ஊரெல்லாம் எனக்குப் பேர் வந்திருந்தது, நான் வாயை மூடிக்கொண்டேன். வளர்ந்த உறவும் உறவுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சங்கிலி அப்புறம் கல்யாணமே பண்ணவில்லை. என் வீட்டுக்கு வருவான், என் மனைவி சண்முகக்கனி கையால் சாப்பிடுவான், என்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டான். பூரணம் இந்தத் தெருவுக்கு வந்த பிறகு அவளோடும் பேசவில்லை. அவள் என்னைப் பார்த்தால் "அண்ணாச்சி" என்று கூப்பிடுவாள், நான் சொன்ன முறைப்படி.

மறுநாள் காலையில் அவள் எண் எண்பத்தைந்து. மரியபுஷ்பம் பத்து இடத்துக்குப் போன் போட்டாள், படுக்கை இல்லை. புதிதாக முறை வைத்துப் பார்க்கலாம் என்று தவசுக்கனி போய் ஜன்னலில் நின்று, "இன்னையிலேருந்து நீ எனக்கு மதினி" என்று அறிவித்துவிட்டு எதையோ சொன்னாள், பூரணம் மரியாதைக்குச் சிரித்தாள், எண் இருந்த இடத்திலேயே இருந்தது. அன்றெல்லாம் தெருவில் ஒருத்தரும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் மட்டும் மனசுக்குள் ஒரு நியாயம் தைத்துக்கொண்டிருந்தேன்: நான் முன்பு பிசகினேன் என்று இப்போது சொன்னால் என் வார்த்தையை நம்பிக் கேலி பேசுகிறவர்கள் எல்லோரும் பயந்துவிடுவார்கள், பத்து உயிர் போகும், ஒரு உயிருக்காகப் பத்து உயிரைப் பலி கொடுக்கலாமா? நல்ல நியாயம்தான். அதில் என் பேரும் பத்திரமாக இருந்தது என்பதுதான் அதன் அழகு.

மதியம் வெயிலில் தெரு கண்ணயர்ந்த நேரம் பார்த்து, எனக்கு ஒரு வழி தோன்றியது. சங்கிலிக்கு அவள் அத்தை மகள் என்றால் எனக்கும் அத்தை மகள். யாருக்கும் சொல்லாமல் நானே போய் நாலு வார்த்தை கேலி பேசி எண்ணை ஏற்றிவிட்டு வந்துவிட்டால், கடவுள் காப்பாற்றினார் என்று சொல்லிவிடுவார்கள். முகக்கவசத்தை இறுக்கிக்கொண்டு, நிழலோரமாக நடந்து, அவள் ஜன்னலில் போய் நின்றேன். குப்புறப் படுத்திருந்தாள். தலைமாட்டில் கை, கையில் கருவி, எண்பத்துமூன்று.

"என்ன பூரணம்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "போஸ்ட் ஆபீசுல முத்திரை குத்திக் குத்தி, கடைசில காய்ச்சலுக்கும் முத்திரை குத்தி வீட்டுக்கே வரவழைச்சுட்டியாக்கும்?"

ஊரையே சேர்த்துவைத்த வாயிலிருந்து வந்த கேலி இதுதான். பூரணம் திடுக்கிட்டுத் தலையைத் திருப்பினாள். கண்ணில் அப்படி ஒரு பயம், அண்ணன் முறைக்காரன் தன்னைக் கொல்லத்தான் வந்திருக்கிறான் என்ற பயம். சிரிக்கவில்லை. கருவியையே பார்த்தாள். நானும் பார்த்தேன். எஸ்தருக்கு இறங்கியது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். எண்பத்துமூன்று. ஜன்னல் கம்பியில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து எழுந்து போனது. எண்பத்துமூன்று.

"குறையலியே" என்றாள்.

நான் முகக்கவசத்தை ஏற்றிவிட்டுக்கொண்டேன்.

"அண்ணாச்சி, குறையலியே." மூச்சுக்கு நடுவே ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வைத்தாள். "தங்கச்சின்னா குறையணும்லா?"

காலடியில் பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்று இருந்தது. நான் தலையைக் குனிந்தபோதே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் என்னைத் திட்டவில்லை, அழவும் இல்லை. அதற்கெல்லாம் அவளிடம் மூச்சு இல்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னொண்ணு சொல்லுதேன், சிரிச்சிரும்மா, நம்பர் ஏறிரும்" என்றேன், கெஞ்சினேன்.

"உங்க பேச்சுக்கு எனக்குச் சிரிப்பு வராது. போயி அவுககிட்ட சொல்லுங்க."

அங்கிருந்து சங்கிலி வீடு வரைக்கும் நான் எப்படி நடந்தேன் என்று கேட்காதீர்கள். அவன் வாசலில் வேப்ப நிழலில் உட்கார்ந்து கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஏலே சங்கிலி. பூரணம் நமக்குத் தங்கச்சி இல்லடா."

கம்பி பத்துச் சுற்றுச் சுற்றியது. இருபத்துமூன்று வருஷத்துக்குப் பிறகு என் தம்பி என்னோடு பேசிய முதல் வார்த்தை, "எப்போலேருந்து?"

"எப்பவுமே இல்ல. அவுக அப்பா அந்த வீட்டுல வளந்தவரு. பொறந்தவரு இல்ல."

"உனக்கு எப்போ தெரியும்?"

"அவ கல்யாணத்துக்குப் பன்னெண்டு நாள் முந்தி."

அவன் கையிலிருந்த கம்பிச்சுருள் கீழே விழுந்து அவிழ்ந்தது. அடிப்பான் என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவன் எழுந்து நின்று, ஆறடி தள்ளியே நின்று, "அன்னைக்குத் தங்கச்சின்ன. இன்னைக்கு இல்லங்கிற. நான் போயி வாயத் தொறந்து, நம்பர் எறங்கி, அவ செத்துப்போனா? ஒன்னைய நம்பி இன்னொரு தடவை நான் அவளைத் தொலைக்கணுமா?" என்று கேட்டான்.

"எறங்காதுடா."

"எப்படித் தெரியும்?"

"நான் இப்பதான் பேசிப் பாத்தேன். எறங்கல."

அதைக் கேட்டதும்தான் அவனுக்குக் கோபம் வந்தது. "திருட்டுத்தனமா போயி காப்பாத்தப் பாத்தியா?" என்று போட்ட சத்தத்தில் கண்ணயர்ந்த தெரு முழுக்க எழுந்து வாசலுக்கு வந்தது. மரியபுஷ்பம் வந்தாள். அவள் முன்னால் எல்லாவற்றையும் திரும்ப ஒரு தடவை, எல்லோருக்கும் கேட்கும்படி, நான் சொன்னேன். என் வீட்டு வாசலில் சண்முகக்கனி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். "இந்த ஆளு வாயை நம்பியா எங்க வீட்டுல பேசுனோம்?" என்று யாரோ கத்தினார்கள், இன்னொருத்தர் கல்லைக்கூட எடுத்தார். "சண்டையப் பொறவு வச்சுக்கிடுங்க. எண்பது" என்றாள் மரியபுஷ்பம். ஜன்னலில் பார்த்துவிட்டு வந்திருந்தாள். எல்லோரும் சங்கிலியைப் பார்த்தார்கள்.

அவன் முகத்தைக் கழுவினான். சட்டையை மாற்றிக்கொண்டு வந்தான். பெண் பார்க்கப் போகிற ஆளைப்போல நரைத்த தலையை இரண்டு கையாலும் படிய வாரிவிட்டுக்கொண்டு, தெரு நடுவே நடந்து, அவள் ஜன்னலில் போய் நின்றான். நாங்கள் பின்னால் தள்ளித் தள்ளி நின்றோம். ஒரு நிமிஷம் போனது. இரண்டு நிமிஷம் போனது. அவனுக்கு வாய் வரவில்லை. இருபத்துமூன்று வருஷமாக ஒரு தடவைகூடச் சிரித்துப் பேசியிராதவன் எங்கிருந்து எடுப்பான்? உள்ளே கருவி கீச்சுக்கீச்சென்று கத்தத் தொடங்கியது. "பேசுய்யா, எதையாவது பேசுய்யா" என்று தவசுக்கனி அழுதாள்.

"பூரணம்" என்றான் சங்கிலி.

அவள் கண்ணைத் திறந்தாள்.

"அன்னைக்கு உங்க வீட்டுல தந்த கேசரியில முந்திரிப் பருப்பு ஒண்ணே ஒண்ணுதான் கிடந்துச்சு. அதையும் எங்கண்ணன் எடுத்துத் தின்னுட்டான்."

பூரணத்தின் உதடு அசைந்தது.

"பொய்யி. மூணு போட்டேன்."

"மூணா?" என்று அவன் திரும்பி, தெருவின் முன்னால், என்னைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "அட கிறுக்குப் பய புள்ள, அப்போ மூணையும் அவனே தின்னுட்டானா!"

பூரணம் சிரித்தாள். முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் சத்தம் வந்தது, இருமல் வந்தது, இருமலைத் தள்ளிக்கொண்டு மறுபடியும் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது, ஜன்னலுக்கு வெளியே அவனும் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். மரியபுஷ்பம் எட்டிப் பார்த்து எண்களைக் கத்தினாள்: எண்பத்தைந்து, எண்பத்தொன்பது, தொண்ணூற்றுமூன்று, தொண்ணூற்றாறு. ஒவ்வொரு எண்ணுக்கும் தெரு கை தட்டியது. அவள் பிழைத்துவிட்டாள் என்று என் நெஞ்சு நிறைந்தது, ஏறிய ஒவ்வொரு எண்ணும் நான் செய்ததற்குச் சாட்சி என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அவர்கள் இரண்டு பேரும் இப்படித்தான் வாழ்ந்திருப்பார்கள்.

என் வார்த்தையை அப்புறம் யாரும் கேட்கவில்லை. நான் சொன்ன முறைகளையெல்லாம் மரியபுஷ்பம் வீடுவீடாகப் போய் மறுபடி விசாரித்து, சுவரில் எழுதினாள். ஒன்றுகூடத் தப்பில்லை என்று அவளே வந்து சொன்னாள், சொன்ன விதத்தில் அது எனக்குப் பெருமையாக இல்லை.

பூரணம் சிரித்த எட்டாம் நாள் எனக்குக் காய்ச்சல் வந்தது. பத்தாம் நாள் எண் எண்பத்தேழு. சுவரில் என் பேரையும் எழுதினார்கள். கேலி பேச வேண்டியவர் என்று எதிரே எழுதியது ஒரே ஒருத்தர் பேர்தான், சண்முகக்கனிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஆறுமுகப்பாண்டி, எனக்கு மச்சான். அவர் ஜன்னலில் வந்து நின்றார், வேட்டியைச் சரி பண்ணினார், என்னைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். "மாப்ள, என்னத்தையோ சொல்லணும்னுதான் வந்தேன். ஒண்ணும் வரலைய்யா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சாயங்காலமும் வந்தார், வரவில்லை. அவர் மேல் குற்றமில்லை. ஒரு ஆளைக் கேலி பண்ண முறை மட்டும் போதாது, அவன் மேல் கொஞ்சம் பிரியமும் வேண்டியிருக்கிறது. சண்முகக்கனி சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பதினோராம் நாள் எண்பத்திரண்டு. நான் கண்ணை மூடிக்கொண்டு, சரி, இதுதான் நியாயம் என்று கிடந்தேன்.

ஜன்னலில் நிழல் விழுந்தது. பூரணம் நின்றுகொண்டிருந்தாள். மெலிந்துபோயிருந்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. தெருவுக்கு அந்தப் பக்கம் சங்கிலி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவளைக் கூட்டிப்போகக் காத்து நின்றான்.

"என்ன அத்தான்" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை.

"முறை பாக்குறதுல பெரிய ஆளாச்சே. நல்லா விசாரிச்சுச் சொல்லுங்க, இந்தக் காய்ச்சலு உங்களுக்கு என்ன வேணும்? கூடப் பொறந்ததா, வீட்டுல வளந்ததா?"

அவளுக்குப் பின்னால் தெரு கூடியிருந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், என் சண்முகக்கனிகூட அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாயிலிருந்து தலையைத் தூக்கி, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டு, "என்னைய மன்னிச்சிரும்மா" என்றேன். எண்பத்தொன்று.

பூரணம் கருவியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

"மன்னிப்புக் கேட்டா நம்பர் ஏறாது அத்தான்" என்றாள். "சிரிங்க."